ஓதற்பிரிவும் ஒப்புதற்சீட்டும்: மும்பைத் தமிழரின் அயல்நாட்டுக் கல்விப் பயணம் பற்றிய வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கல்வியின் பொருட்டு ஊரைப் பிரிந்து செல்லுதல் தமிழ் அக இலக்கணம் ஏற்றுக்கொண்ட பிரிவுகளுள் ஒன்று. தொல்காப்பிய அகத்திணையியல் கல்வி, போர், தூது ஆகியவற்றைப் பிரிவுக்குரிய காரணங்களாக எண்ணுகிறது. அவற்றுள் கல்விக்கும் தூதுக்கும் பிரிதலை உயர்ந்தோர்க்கு உரியதாக வரையறுக்கிறது. உரையாசிரியர்கள் இவ்வுயர்வுக்கு வருண அடிப்படையில் பொருள் கண்டனர். கற்பியல் இப்பிரிவுக்கு மூன்று ஆண்டு என்னும் கால எல்லையையும் வகுக்கிறது. யார் பிரியலாம், எதற்காகப் பிரியலாம், எவ்வளவு காலம் பிரியலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் இலக்கண நூல் இவ்வாறு விடை கூறிவிடுகிறது.

இக்காலத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம்பெற்று மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவரிடம் கேட்கப்படுவனவும் இம்மூன்று வினாக்களே. நீ யார், எதற்காக வருகிறாய், எப்போது திரும்பிச் செல்வாய் என்பவற்றுக்கு அவர் ஆவணங்களால் விடை கூற வேண்டும். பழைய வரையறைக்கும் இன்றைய விண்ணப்பத்துக்கும் இடைப்பட்ட வரலாற்றின் ஒரு பகுதியை, மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய தமிழர் வாழ்பகுதிகளை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்து கற்கச் செல்வோர் எதிர்கொண்ட தடை, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சாதிக் கட்டளையிலிருந்து ஆவணத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. ஆவணம் மொழியால் ஆனது. எனவே இத்தடையின் ஒரு கூறு மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் தொட்டுத் திருத்தக்கூடியதாக உள்ளது. இவ்வரலாறு அவர்களுக்கு உரியதாவது இதனால்தான்.

2. விசாவுக்கு முற்பட்ட காலம்: 1888–1914

பம்பாய்த் துறைமுகம் மேலை நாடுகளுக்குச் செல்லும் இந்திய மாணவர்களின் முதன்மை வாயிலாக விளங்கிற்று. 1888 செப்டம்பர் 4ஆம் நாள் சட்டம் பயில இங்கிருந்து கப்பலேறிய காந்தியிடம் எந்த நாடும் நுழைவு அனுமதி கேட்கவில்லை. அனுமதி கேட்டது அவருடைய மோத் பனியா சாதியின் பம்பாய்க் கூட்டம். கடற்பயணம் சாதி ஒழுக்கத்துக்கு மாறானது என்று கூறி அக்கூட்டம் அவரை விலக்கிவைத்தது. அவருக்கு உதவுவோர்க்கும் அவரை வழியனுப்பச் செல்வோர்க்கும் ஒரு ரூபாய் நான்கு அணா தண்டம் விதித்தது. இதனை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அக்காலத்து மறுப்பு எழுத்தில் அமையவில்லை. சபையில் வாய்மொழியாகக் கூறப்பட்டது.

கால் நூற்றாண்டுக்குப் பின் அதே நகரிலிருந்து மற்றொரு மாணவர் புறப்பட்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன்; காலம் மூன்று ஆண்டு. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டு பணியாற்றுவதாக அவர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். உயர்ந்தோர்க்கே ஓதற்பிரிவு என்ற வரையறையை முற்றாக மறுத்த பயணம் இது. ஆயினும் கால எல்லையும் மீளுதற்கான உறுதியும் ஒப்பந்த வடிவில் அதில் இடம்பெற்றிருந்தன என்பது கருதத்தக்கது.

இதே காலத்தில் சென்னையிலிருந்து சென்ற இராமானுசனின் பயணத்தையும் ஒப்பிட்டுக் காணலாம். 1914 சனவரியில் சென்னைக்கு வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலார் நெவில், இராமானுசனுக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை வழங்கியது. மார்ச் 17ஆம் நாள் அவர் 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். இங்கும் ஆசாரத் தடையே முதலில் நின்றது. அதனைக் கடந்தபின் தேவைப்பட்டவை புரவலரின் கடிதமும் பணமும் மட்டுமே.

புரவலர் வாயாதவர்க்கு வேறொரு வழியும் பம்பாயில் இருந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் தொடங்கிய அறக்கட்டளை, அயல்நாட்டு உயர்கல்விக்குக் கடன் உதவித்தொகை வழங்கியது. பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. திருவிதாங்கூரின் எளிய தலித் குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் பத்திரிகையாளராகப் பணியாற்றிவந்த கே.ஆர். நாராயணன், இவ்வுதவியைப் பெற்று 1945இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானார்.

3. தாளின் ஆட்சி: 1909–1967

1909 சூலை 1ஆம் நாள் லண்டனில் கர்சன் வில்லி என்னும் அதிகாரியை மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் சுட்டுக் கொன்றார். இந்திய மாணவர்களைப் பற்றிய அரசின் ஐயம் இதன்பின் வலுப்பெற்றது. மாணவர்க்கு உதவுதல், அவர்களைக் கண்காணித்தல் ஆகிய இரண்டும் கலந்த நிருவாக ஏற்பாடுகள் இந்தியா அலுவலகத்தின் கீழ் உருவாயின. மாணவர் என்பவர் கற்க வருபவர் மட்டுமல்லர், கண்காணிக்கப்பட வேண்டியவரும் ஆவர் என்ற கருத்து இவ்வாறு ஆவணங்களுக்குள் நுழைந்தது.

முதல் உலகப் போர் கடவுச்சீட்டைப் பொதுவாக்கியது. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. அமெரிக்க நாடு 1917 பிப்ரவரியில் இயற்றிய குடிவரவுச் சட்டம், இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெருநிலப்பரப்பைத் தடைசெய்யப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. அதே சட்டம் சில தொழிலினர்க்கு விலக்களித்தது. அவ்விலக்குப் பட்டியலில் மாணவரும் இடம்பெற்றனர். 1924ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரைத் தனி வகையாக வரையறுத்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த நாட்டு உறைவிடத்தைக் கைவிடும் எண்ணம் இல்லாதவரே மாணவராக வரலாம் என்றது. இன்று வழங்கும் 'எஃப்-1' விசாவின் அடிப்படை இதுவே.

இச்சட்டங்களின் சொல்லமைப்பு மொழியியலாளர்க்கு ஆர்வமூட்டுவதாகும். மாணவர் என்ற சொல் இங்குக் கற்பவரைக் குறிப்பதோடு நில்லாமல், தங்கமாட்டாதவர் என்ற எதிர்மறைப் பொருளையும் ஏற்கிறது. அகப்பொருளில் பிரிவு என்பது மீட்சியை உட்கொண்டது. சென்றவர் மீள்வார் என்பது அங்கு இயல்பான எதிர்பார்ப்பு. விசாச் சட்டமோ மீளார் என்பதையே முதல் ஊகமாகக் கொண்டு, அதனை மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பை விண்ணப்பதாரர்மீது சுமத்துகிறது. மனத்தின் எண்ணத்தைச் சில நிமிட உரையாடலில், பெரும்பாலும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விடைக்காலத்தில் பம்பாயிலிருந்து புறப்பட்ட தமிழருள் தலைசிறந்தவர் வானியற்பியலார் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், அரசு உதவித்தொகை பெற்று, 1930 சூலை 31ஆம் நாள் 'பில்ஸ்னா' என்னும் இத்தாலியக் கப்பலில் பம்பாயை விட்டு நீங்கினார். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணிப்பைக் கப்பற் பயணத்தின்போதே அவர் மேற்கொண்டார் என்பது அறிவியல் வரலாறு. 1933இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். மூன்றாண்டுக் கல்விப் பிரிவாகத் தொடங்கிய பயணம் வாழ்நாட் பிரிவாயிற்று. 1953இல் அவர் அமெரிக்கக் குடிமகனானார். சட்டம் அஞ்சும் மீளாமை ஓர் இழப்பா, ஈட்டமா என்னும் வினாவுக்கு இவ்வொரு வாழ்க்கையே இருபக்கச் சான்றாகிறது.

விடுதலைக்குப் பின்னும் கடவுச்சீட்டு அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டதாகவே இருந்தது. சத்வந்த் சிங் சாகனி வழக்கில் 1967 ஏப்ரல் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பு, வெளிநாடு செல்லுதல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதன் விளைவாக அவ்வாண்டு சூன் 24ஆம் நாள் புதிய கடவுச்சீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புறப்படுதல் உரிமையாயிற்று. ஆனால் அதற்குள் சென்றடையும் நாடுகள் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தன. பிரித்தானியா 1962இல் காமன்வெல்த் நாட்டினர் வருகையைக் கட்டுப்படுத்தியது. 1986இல் இந்தியர் அனைவர்க்கும் விசாவைக் கட்டாயமாக்கியது.

4. மாட்டுங்காவும் செம்பூரும்

பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தாதர்-மாட்டுங்காக் குடியிருப்புத் திட்டம், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர்க்கு வாழிடமாயிற்று. தென்னிந்தியர் என்ற அடையாளமே பெருமளவு மாட்டுங்காவில் உருப்பெற்றது என்பதை நிகில் ராவ் தம் நூலில் (2013) விளக்கியுள்ளார். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் இங்குத் தோன்றியது.

இப்பகுதியின் மற்றொரு சிறப்பு, உயர்கல்வி நிறுவனங்கள் அருகருகே அமைந்தமையாகும். விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்மாறியது. 1933இல் தொடங்கப்பெற்ற பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறை 1943இல் இங்கு வந்தது. இத்துறையின் முதல் இந்திய இயக்குநர் கிருஷ்ணசாமி வேங்கடராமன் சென்னையில் பிறந்த தமிழர். சென்னை அரசின் உதவித்தொகையில் மான்செஸ்டர் சென்று, இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு பயின்று திரும்பியவர். சாய வேதியியலில் 'பேக்கர்-வேங்கடராமன்' வினைமாற்றம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1938 முதல் 1957 வரை அவர் இயக்குநராக இருந்தார். அயல்நாட்டில் கற்றவர் ஆசிரியராக அமைந்து, பரிந்துரைக் கடிதம் எழுதும் தகுதியோடு கண்முன் நின்றமை, மாட்டுங்கா மாணவர்க்கு வாய்த்த பெரும் பேறாகும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் இலக்கணத்தை அவர்கள் அண்டை அயலிலிருந்தே கற்றனர்.

செம்பூர் வளர்ச்சி வேறுவகையானது. 1950களில் துரோம்பேயில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1954இல் தொடங்கப்பெற்று 1967இல் பாபா பெயரைத் தாங்கிய அணு ஆய்வு நிலையமும் பொறியாளர்களையும் அறிவியலாளர்களையும் இப்பகுதிக்கு ஈர்த்தன. டாட்டா சமூக அறிவியல் கழகமும் 1954இல் அண்மையிலுள்ள தேவனாருக்கு வந்தது. 1966இல் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியர்க்கு எதிராக நடத்திய இயக்கத்தால் நகரத்து அலுவலக வேலைகள் உறுதியற்றனவாகத் தோன்றிய காலத்தில், 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் படித்தவர்க்குப் புதிய வாயிலைத் திறந்திருந்தது. இவ்விரண்டும் ஒரே தலைமுறையின் பட்டறிவில் இணைந்தன எனலாம்.

இப்பகுதியினர் விசாவுக்காக நின்ற இடம், பிரீச் கேண்டியிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம். வாங்கானேர் அரண்மனையாக இருந்து 'லிங்கன் மாளிகை'யாக மாறிய கட்டடம் அது. 2011 நவம்பரில் துணைத் தூதரகம் பாந்திரா-குர்லா வளாகத்துக்கு இடம்மாறியது. கடவுச்சீட்டு அலுவலகத்தை உள்ளடக்கிய வெளியுறவு அமைச்சகத்தின் 'விதேஷ் பவன்' 2017 ஆகஸ்டில் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது. இவ்வளாகத்துக்கும் தாராவிக்கும் இடையே மித்தி ஆறே எல்லை. தூரத்தால் இத்துணை நெருங்கிய இரண்டு அலுவலகங்களும் தாராவி மாணவர்க்கு எந்த அளவு எட்டுவன என்பதை இனிக் காண்போம். அதற்கு முன், மூன்று பகுதியினர்க்கும் பொதுவான பெயர்ச் சிக்கலை நோக்குதல் வேண்டும்.

5. பெயர்ப் பத்தி

தமிழ்நாட்டு வழக்கில் ஒருவர்க்கு ஒரு பெயரே உண்டு. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன் நிற்கும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குப் பின் சாதிப் பட்டங்களை நீக்கும் வழக்கம் பரவியது. எனவே தமிழ்நாட்டில் முதலெழுத்து முறை, பெயரிடும் பழக்கமாக இருப்பதோடு, சமூக முடிவு ஒன்றின் பதிவாகவும் அமைகிறது.

மகாராட்டிரப் பள்ளிப் பதிவேடு இதற்கு மாறானது. அது குடும்பப் பெயர், தன்பெயர், தந்தை பெயர் என்னும் மூன்று உறுப்புகளை எதிர்பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, திருநெல்வேலியில் 'சு. இசக்கிமுத்து' என்று நிற்கக்கூடிய பெயர், மும்பையில் பள்ளிச் சேர்க்கையின்போது குடும்பப் பெயர்ப் பத்தியை நிரப்ப ஒரு சொல்லைத் தேடுகிறது. தந்தை பெயரையே அங்கு இடுவோர் உண்டு. ஊர்ப் பெயரை இடுவோர் உண்டு. நாடார், ஐயர், முதலியார், தேவேந்திரர் எனச் சாதிப் பெயரை இடுவோரும் உண்டு. ஊரில் பாட்டன் விட்டுவிட்ட பட்டத்தை நகரத்தில் பெயரன் ஒரு பத்தியின் பொருட்டு மீண்டும் சூடுகிறான். படிவம் இங்கு நடுநிலையானதன்று. சமூக வரலாற்றைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் அதற்கு உண்டு.

ஒலிபெயர்ப்பு அடுத்த சிக்கலாகும். தமிழர் ரோமன் எழுத்தில் பல்லொலியாகிய தகரத்தை 'டி', 'எச்' என இரண்டு எழுத்துகளால் எழுதி, நாவளையொலியாகிய டகரத்திலிருந்து வேறுபடுத்துவர். வடவர் வழக்கில் அவ்விரண்டெழுத்துச் சேர்க்கை மூச்சொலியைக் குறிக்கும். எனவே 'வசந்தா' என்னும் பெயர் ரோமனிலிருந்து தேவநாகரிக்குச் செல்லும்போது மூச்சொலி பெறுகிறது. மீண்டும் ரோமனுக்கு வரும்போது வேறு எழுத்தமைதி பெறக்கூடும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தேவநாகரியில் வழக்கமாகக் காட்டப்பெறுவதில்லை. ழகரத்துக்கு மராத்தியில் நேர் எழுத்து இல்லை. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை ஆகிய மூன்றும் மூன்று எழுத்தர்களால் எழுதப்படும்போது ஒருவரே மூவராகிறார். பின்னர் 'இம்மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியதாகிறது.

கடவுச்சீட்டின் எந்திரம் படிக்கும் பகுதி மூன்றாவது சிக்கல். பன்னாட்டு வான்பயணங்களுக்கு நெறிமுறை வகுக்கும் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 1980இல் முதலில் வெளியிட்ட நெறிமுறையின் வழிவந்த அமைப்பு இது. இதில் பெயருக்கு உரிய இடங்கள் 39; அனுமதிக்கப்பெற்றவை உயிர்க்குறி ஒட்டாத ரோமன் பேரெழுத்துகள் மட்டுமே; குடும்பப் பெயரே முதலில் நிற்க வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதிய தந்தை பெயரும் தன்பெயரும் சேர்ந்து சில வேளைகளில் இவ்வெல்லையை மீறுகின்றன. ஒற்றைப் பெயருடன் கடவுச்சீட்டுப் பெற்றவர்க்கு அமெரிக்க விசாவில் அப்பெயர் குடும்பப் பெயராகிறது. தன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்னும் மூன்றெழுத்துகள் இடப்படுகின்றன. 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் விரிவு. தாய் தந்தையர் வைத்த பெயரே கையில் இருக்க, அது அறியப்படவில்லை என்று ஆவணம் கூறுகிறது. அவ்வெழுத்துகளே பின்னர்ப் பல்கலைக்கழகப் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் அவருடைய பெயராகத் தொடர்கின்றன.

6. தாராவி: மூன்று சான்றுகள்

தாராவியில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு முற்பட்டது. தோல் பதனிடும் தொழிலில் தமிழ் முசுலிம்களும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஆதி திராவிடரும் பெரும்பங்கு கொண்டனர். 1887இல் கட்டப்பெற்ற பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் இத்தொன்மைக்குச் சான்றுகள். எனினும் அயல்நாட்டுக் கல்வியை நாடும் தாராவி மாணவர் பிறப்பு, சாதி, பொருள் ஆகிய மூன்றுக்கும் காட்ட வேண்டிய சான்றுகள் எளிதில் கிட்டுவன அல்ல.

முதலாவது பிறப்புச் சான்று. 1989 சனவரி 26 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்று தர வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. வீட்டிலோ, தாயின் ஊரிலோ பிறந்து பதிவுபெறாத பிள்ளைகளுக்கு இது பெரிய தடை. பதிவு இருந்தும் குழந்தையின் பெயர் எழுதப்படாமல் விடப்பட்ட சான்றுகளும் உண்டு. பெயரைப் பின்னர்ச் சேர்க்க 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் அதன் விதிகளும் பதினைந்து ஆண்டு அவகாசம் தருகின்றன. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் இவ்விதியைத் தளர்த்திப் பள்ளிச் சான்று முதலியவற்றையும் ஏற்றது. 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்று மீண்டும் ஒரே சான்றாயிற்று. இன்றைய கைக்குழந்தைகள் மாணவராகும் காலத்தில் இதன் விளைவு தெரியும்.

இரண்டாவது சாதிச் சான்று. பட்டியல் சாதி மாணவர்க்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் தொடங்கப்பெற்றது. அண்மை ஆண்டுகளில் அதற்கு உரிய இடங்கள் நாடு முழுமைக்கும் 125. அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. 2022இல் வெளியான நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் ஆய்வு போன்ற பொருள்களை இவ்வுதவியின் எல்லையிலிருந்து விலக்கின என்பதும் நம் துறையினர் அறிய வேண்டியது. மகாராட்டிர அரசும் ராஜர்ஷி சாகு மகராஜ் பெயரில் தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் மாநிலச் சலுகையைப் பெறத் தமிழ்நாட்டுச் சாதிச் சான்று உதவாது. மும்பை சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையிலிருந்து எழுந்த மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பு, ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் குடிபெயர்ந்த மாநிலத்திலும் அத்தகுதியை உரிமையாகக் கோர இயலாது என்றது. 1994இல் மகாராட்டிரம் தொடர்பான மற்றொரு வழக்கிலும் இந்நிலை உறுதிசெய்யப்பட்டது. பட்டியல் சாதியினரைப் பொறுத்தவரை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பதே அளவுகோல். அந்நாளுக்குப் பின் தாராவிக்கு வந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை, மும்பையில் பிறந்தும் மும்பையில் படித்தும் மகாராட்டிரத்தில் அத்தகுதி இல்லாதவராகிறார். சான்று தரவேண்டிய ஊரையோ அவர் விடுமுறையில் மட்டுமே பார்த்திருப்பார்.

மூன்றாவது பொருட்சான்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் முதலாண்டுச் செலவுக்கான நிதிச் சான்றைப் பார்த்த பின்னரே 'ஐ-20' படிவம் அனுப்புகிறது. பிரித்தானிய விதி, உரிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. நாட்கூலியும் சிறுதொழில் வரவும் சரக்காகவும் சீட்டுப் பணமாகவும் சுழலும் இடத்தில் பணம் 28 நாள் அசையாமல் நிற்பது அரிது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு ஈட்டுச் சொத்துக் கேட்கிறது. பட்டா இல்லாத நிலத்தில் கட்டிய வீடு, எத்துணை உழைப்பால் எழுந்ததாயினும், ஈடாகாது. உயர்ந்தோர்க்கே ஓதற்பிரிவு என்ற வரையறை சட்டத்தில் இன்று எங்கும் இல்லை. நிதிச் சான்றின் வடிவில் அதன் பயன் எஞ்சியிருக்கிறது.

7. சொற்களும் அவற்றின் வாக்குறுதியும்

அர்த்தசாத்திரம் கடவுச்சீட்டை ஒத்த அடையாளத்தை 'முத்திரை' என்கிறது. அதனை வழங்கத் தனி அதிகாரியையும் குறிப்பிடுகிறது. இன்றைய தமிழில் 'கடவுச்சீட்டு' என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்குகிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 'கடப்பிதழ்' என்ற சொல்லும் உண்டு. கடவு என்பது வழியைக் குறிக்கும் பழஞ்சொல். ஆதலால் இச்சொல்லாக்கம் பொருத்தமானது.

'விசா' என்பதன் நிலை வேறு. இலத்தீனில் 'பார்க்கப்பட்ட தாள்' என்னும் தொடரிலிருந்து அது வந்தது. அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்குமேல் அது எதையும் உறுதிகூறவில்லை. தமிழில் அதனை 'நுழைவு அனுமதி', 'நுழைவிசைவு' என மொழிபெயர்க்கிறோம். அமெரிக்கச் சட்டப்படி விசா நுழைவை உறுதிசெய்வதில்லை. நுழைவாயிலுக்கு வந்து அனுமதி கேட்க மட்டுமே அது இடம்தருகிறது. உள்ளே விடுவதா என்பதை நுழைவிடத்து அதிகாரியே முடிவுசெய்வார். ஆகவே நம் மொழிபெயர்ப்பு மூலச்சொல் தராத வாக்குறுதியைத் தருகிறது. விசா பெற்றும் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் மாணவரின் குடும்பம், கொடுத்த அனுமதியைப் பறித்துக்கொண்டதாகவே உணரும். 'விசா' என்ற கடன்சொல்லையே ஆள்வது இங்குத் துல்லியமானது.

மராத்தியில் பள்ளி மாற்றுச் சான்று 'தாகலா' எனப்படும். தமிழில் மனுவைத் 'தாக்கல்' செய்கிறோம். இரண்டும் உள்ளே நுழைதல் என்னும் பொருளுடைய ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. மும்பைத் தமிழ் மாணவர் இவ்விரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்துகிறார். தாகலாவைத் தாக்கல் செய்கிறார். வேரளவில் ஒன்றாகவும் பொருளளவில் வேறாகவும் உள்ள இத்தகைய சொற்கள் மொழிபெயர்ப்பில் விழிப்பைக் கோருவன.

8. மொழிபெயர்ப்பாளரின் பங்கு

பிரித்தானிய விதிப்படி, மொழிபெயர்க்கப்பட்ட ஆவணத்தில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, நாள், மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நம் நாட்டு நடைமுறையில் பெரும்பாலும் நோட்டரியின் முத்திரையே போதுமானதாகக் கருதப்படுகிறது. நோட்டரி சான்றளிப்பது கையொப்பத்துக்கு. மொழிபெயர்ப்பின் செம்மைக்கு அன்று. இவ்விடைவெளியில்தான் தவறான ஒலிபெயர்ப்புகள் ஊறின்றிக் கடந்து, பின்னர் நேர்காணல் மேசையில் வெளிப்படுகின்றன.

இந்நிலையில் நம் துறையினர் மேற்கொள்ளத்தக்கவை சில உள்ளன. ஒன்று, கடவுச்சீட்டிலுள்ள எழுத்தமைதியையே எல்லா மொழிபெயர்ப்புகளிலும் ஆண்டு, மூல ஆவணத்தின் வேறுபாட்டை அடைப்புக் குறிப்பில் காட்டுதல். இரண்டு, முதலெழுத்து முறை, ஒற்றைப் பெயர் முறை ஆகியவற்றை விளக்கும் ஒரு பத்திக் குறிப்பை ஆங்கிலத்தில் வரையறுத்து, பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடுதல். மூன்று, தமிழ், மராத்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பள்ளி, வருவாய், நகராட்சி ஆவணச் சொற்களைத் தொகுத்தல். நான்கு, சாதிப் பெயரைக் குடும்பப் பெயராக இடாமலேயே பத்தியை நிரப்பும் வழிகளைப் பள்ளிச் சேர்க்கையின்போதே பெற்றோர்க்கு எடுத்துரைத்தல். இவற்றுள் இறுதியது மும்பையின் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் உடனே தொடங்கக்கூடியது.

9. முடிவுரை

1888இல் ஒரு சாதிக் கூட்டம் வாய்மொழியாக மறுத்த பயணத்தை, இன்று பத்திகளும் எண்களும் எழுத்தமைதியும் தீர்மானிக்கின்றன. 2025 சூனில் அமெரிக்கா, மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்றது. 1909க்குப் பின் எழுந்த கண்காணிப்பின் நீட்சியாக இதனைக் காணலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற முறையை நீக்கி, அதிகபட்சம் நான்காண்டு என வரையறுக்கும் முன்மொழிவு வெளிவந்தது. கற்பியலின் மூன்றாண்டு வரையறையை அறிந்த வாசகர்க்கு இக்கணக்கு புதியதன்று.

மாட்டுங்காவும் செம்பூரும் இவ்வாவணங்களின் மொழியை இரண்டு மூன்று தலைமுறைகளில் கற்றுக்கொண்டன; ஆசிரியரும் அண்டைவீட்டாரும் அதற்குத் துணைநின்றனர். தாராவியில் அம்மொழியை முதல் தலைமுறை மாணவர் தனியாகக் கற்க வேண்டியுள்ளது. நிதிச் சான்றையும் நீதிமன்றத் தீர்ப்பையும் மாற்றுவது நம் துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு பெயரைத் தவறின்றி எழுதுவதும் ஒரு சான்றைச் செம்மையாக மொழிபெயர்ப்பதும் நம் எல்லைக்குள் உள்ளவை. மும்பைத் தமிழர் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தொகுத்து, பெயர்ப் பத்திகள் ஆண்டுதோறும் எவ்வாறு நிரப்பப்பட்டன என்பதை ஆராய்வது இத்திசையில் அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.